வெந்நீர் ஊற்றில் இறங்குமுன் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்

எந்த வெந்நீர் ஊற்றுக்குப் போனாலும் உடை மாற்றுவதற்கு முன் குளத்தை ஒருமுறை சுற்றி வந்துவிடுவேன். தண்ணீர் எந்தப் பக்கம் விழுகிறது, எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று கண்டுபிடிக்கும்வரை உள்ளே கால் வைப்பதில்லை. 22 வருடம் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். பாட்டிலில் வரும் தண்ணீரைச் சோதித்துச் சோதித்து, எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருக்க முடியாத பழக்கம் வந்துவிட்டது. வேலையை விட்ட பிறகு, முழங்கால் மூட்டு தேய்ந்துபோன அம்மாவை அழைத்துக்கொண்டு வெந்நீர் ஊற்றுகளைத் தேடிப் போக ஆரம்பித்தேன்.

அழகான படத்தைப் பார்த்து ஆசையாகப் போய், கால் நனைத்ததோடு திரும்பிய இடங்கள் உண்டு. படமெடுக்கக்கூடத் தோன்றாத சாதாரண சிமென்ட் தொட்டியில், அம்மா முகம் மலர்ந்து எழுந்து வந்த இடமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் பெரும்பாலும் தண்ணீரின் ஓட்டம்தான். புதுத் தண்ணீர் எவ்வளவு வருகிறது, பழைய தண்ணீர் எவ்வளவு போகிறது என்பதுதான் குளத்தின் உயிர். அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

உட்காரக்கூடிய ஊற்றா?

வெந்நீர் ஊற்று என்றாலே இறங்கி ஊறலாம் என்று நினைத்துக்கொண்டுதான் நாங்களும் ஆரம்பத்தில் கிளம்பினோம். அப்படியில்லை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் போகப்போகச் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். எரிமலைப் பகுதியாக இருந்தால் இன்னும் வேகமாகக் கூடும். சூடான தண்ணீர் வேறொரு பிளவு வழியாக மேலே ஏறி வருகிறது. எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது, எவ்வளவு விரைவாக மேலே வந்தது, வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் எவ்வளவு கலந்தது என்பதைப் பொறுத்து, வெதுவெதுப்பாகவும் வெளிவரலாம், கொதித்துக்கொண்டும் வெளிவரலாம்.

இமாச்சலப் பிரதேசத்தில் பார்வதி ஆற்றங்கரையில் இருக்கும் மணிகரண் ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அங்கே ஊற்று வாயில் தண்ணீர் ஏறக்குறைய அந்த நிலையில்தான் வருகிறது. குளிர்ந்த தண்ணீர் கலந்த குளியல் தொட்டிகளில்தான் இறங்க முடியும். ஐஸ்லாந்தின் டெய்ல்டார்துங்குக்வெர் ஊற்றில் தண்ணீர் 97 டிகிரியில், விநாடிக்குச் சுமார் 180 லிட்டர் பீறிட்டு வருகிறது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, ஆனால் அங்கே வேலிக்கு வெளியே நிற்கத்தான் முடியும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் வெந்நீர்க் குளங்களில் இறங்கவே தடை. 2016இல் ஓர் இளைஞர் மரப்பாதையை விட்டு இறங்கி, குளத்தின் சூட்டைப் பார்க்கப் போய் வழுக்கி விழுந்து உயிரிழந்தார். இப்படிப்பட்ட இடங்களில் குளத்தைச் சுற்றியிருக்கும் தரை கெட்டியாகத் தெரிந்தாலும், உள்ளே வெறும் ஓடு மாதிரிதான் இருக்கும்.

இலங்கையில் திருகோணமலைப் பக்கம் கன்னியாவில் இருப்பவை ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் மாறும். அங்கே வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதுதான் குளியல். உடம்பைக் கிடத்தி ஊறவேண்டும் என்ற எண்ணத்தோடு போனால் ஏமாற்றம் மிஞ்சும். மொண்டு ஊற்றிக்கொள்ளப் போனால் அருமையான இடம். சிங்கப்பூரின் செம்பவாங் ஊற்றில் தண்ணீர் 70 டிகிரியில் வெளிவந்து, அடுக்கடுக்கான தொட்டிகளில் இறங்கி இறங்கி ஆறுகிறது. கடைசித் தொட்டிகளில் கால் நனைத்துக்கொண்டு உட்காரலாம். இங்கிலாந்தின் பாத் நகரில் ரோமானியர் கட்டிய பழைய குளத்தைப் பார்க்கலாம், இறங்க முடியாது. அதே ஊற்று நீரில் குளிக்க 2006இல் திறந்த தனிக் கட்டடம் இருக்கிறது.

ஆகவே, இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: முழு உடம்பும் ஊறுகிற குளமா, கால் மட்டும் நனைக்கிற இடமா, மொண்டு ஊற்றிக்கொள்கிற கிணறா, வெறுமனே பார்க்கிற இடமா? இதை யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எவ்வளவு சூடு?

விளம்பரத்தில் போட்டிருக்கும் டிகிரி பெரும்பாலும் ஊற்று வாயின் சூடு. நமக்கு வேண்டியது குளத்தில், நாம் உட்காரும் மூலையில் இருக்கிற சூடு. என் பையில் ஒரு சின்ன தெர்மாமீட்டர் எப்போதும் இருக்கும். நூலில் கட்டி ஒரு முழம் ஆழத்துக்கு இறக்கி, ஒரு நிமிடம் பொறுத்து எடுப்பேன். மேல்பரப்பில் மட்டும் தொட்டுப் பார்த்தால் தப்பாகப் போகும். சூடான தண்ணீர் மேலே மிதக்கும், அடியில் கால் வைத்தால் ஜில்லென்றிருக்கும். ஊற்று அடியிலிருந்தே சுரக்கிற குளமாக இருந்தால் நேர் எதிர். மேலே இதமாக இருக்கும், மணலில் கால் புதைந்ததும் சுட்டுவிடும். நியூசிலாந்தின் கோரமண்டல் கரையில் இருக்கும் வெந்நீர்க் கடற்கரை இதற்கு நல்ல உதாரணம். கடல் வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் மணலில் குழி தோண்டினால் வெந்நீர் ஊறி வரும். அந்தத் தண்ணீர் 64 டிகிரி வரைகூட இருக்கும் என்பதால், குழி தோண்டிய கையோடு உட்கார்ந்துவிடக் கூடாது. கடல் நீரைக் கொஞ்சம் உள்ளே விட்டு ஆற்றிக்கொள்ள வேண்டும்.

என் கணக்கு இது. 36, 37 டிகிரி என்றால் உடம்புச் சூடும் தண்ணீர்ச் சூடும் ஒன்றாகி, தண்ணீர் இருப்பதே தெரியாது. பேசிக்கொண்டு நெடுநேரம் இருக்கலாம். இத்தாலியின் சத்தூர்னியாவில் படிப்படியாக விழும் வெள்ளைத் தொட்டிகளில் தண்ணீர் 37.5 டிகிரி. 38 முதல் 40 வரைதான் அம்மாவின் மூட்டுக்கு ஒத்துக்கொள்ளும் சூடு. 10, 15 நிமிடத்தில் தோள் தளர்ந்து கண் சொக்கும். 41, 42 என்றால் பழகியவர்கள் சில நிமிடம் முங்கி எழலாம், ஓய்வாகக் கிடக்க முடியாது. அதற்குமேல் நான் இறங்குவதே இல்லை. 49 டிகிரித் தண்ணீரில் 5 நிமிடம், 60 டிகிரியில் வெறும் 5, 6 விநாடி போதும், தோல் ஆழமாக வெந்துவிடும். குழந்தைகளின் தோலுக்கு இதைவிடக் குறைவான நேரமே போதும்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் உள்ளங்கையை நம்பாதீர்கள். வேலை செய்து காய்த்துப்போன கை சூட்டைக் குறைத்துத்தான் சொல்லும். முழங்கையின் உட்புறத்தை நனைத்துப் பாருங்கள். அது பொறுத்தால் உடம்பு பொறுக்கும். அப்போதும் தண்ணீர் விழும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் இறங்கி, மெதுவாகச் சூட்டை நோக்கி நகர வேண்டும். ஓடுகிற வெந்நீரில் இந்த வசதி தானாகவே கிடைக்கும். ஐஸ்லாந்தின் ரேக்யதாலுர் பள்ளத்தாக்கில் ஓர் ஆறே வெதுவெதுப்பாக ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதையில் நடந்து போகவேண்டும். அங்கே ஆற்றோடு மேலே ஏற ஏறச் சூடு கூடும், கீழே இறங்க இறங்கக் குறையும். அவரவருக்குப் பிடித்த சூட்டில் அவரவர் உட்கார்ந்துகொள்ளலாம். நல்ல ஊற்றில் இப்படித் தேர்ந்தெடுக்க இடமிருக்கும். குறைந்தது இரண்டு தொட்டியாவது வெவ்வேறு சூட்டில் இருக்கிற இடத்தையே நான் தேடுவேன்.

வரவும் போக்கும்

இனி என் மனதுக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். குளத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் வியர்வை, எண்ணெய், சோப்பு மிச்சம் எல்லாவற்றையும் அதில் விட்டுவிட்டுத்தான் போகிறோம். புதுத் தண்ணீர் வந்து தள்ளிக்கொண்டே இருந்தால் அது வெளியேறும். இல்லையென்றால் அங்கேயே தங்கும். வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீர் கிருமிகளுக்குத் தொட்டில் மாதிரி.

ஒரு முறை ஒரு மலையடிவாரத்தில் கல் கட்டிய தொட்டி ஒன்றில் நான் செய்ததைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். தண்ணீர் ஒரு கல் தாரை வழியாக விழுந்துகொண்டிருந்தது. அங்கே கிடந்த 10 லிட்டர் வாளியைத் தாரைக்கடியில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 20 விநாடியில் நிரம்பியது. அப்படியென்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர், மணிக்கு 1,800 லிட்டர். தொட்டியைக் காலடியால் அளந்தேன். நீளம் 4 மீட்டர், அகலம் 3, ஆழம் என் இடுப்புக்குக் கீழே, சுமார் 80 சென்டிமீட்டர். பெருக்கினால் 9,600 லிட்டர். 1,800ஆல் வகுத்தால் ஐந்தே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். அதாவது, அந்தத் தொட்டியின் கொள்ளளவுக்குத் தண்ணீர் வந்து சேர ஐந்து மணி நேரத்துக்கு மேலாகிறது. காலை ஆறு மணிக்கு நாலு பேர் மட்டும் இருந்தபோது அது தாராளம். பத்து மணிக்கு இரண்டு பேருந்து வந்து நின்று நாற்பது பேர் இறங்கினார்கள். அம்மாவை மெதுவாக எழுப்பிக் கரையேற்றிவிட்டேன். அதே தொட்டி, அதே தண்ணீர்தான். நேரம்தான் வேறு.

வாளி இல்லாத இடத்தில் ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பாருங்கள். வெளியேறும் வாயை நோக்கி இலை நகர்கிறதா, ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறதா? இலை சுற்றும் மூலையில் தண்ணீர் தேங்குகிறது, அங்கே உட்காராதீர்கள். உள்ளே வரும் வாய் குளத்தின் ஒரு ஓரத்திலும் வெளியே போகும் வாய் எதிர் ஓரத்திலும் இருப்பதே நல்ல அமைப்பு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், வந்த தண்ணீர் குளத்தைச் சுற்றிப் பார்க்காமலே வெளியேறிவிடும்.

இன்னொரு சோதனை, சுவரைத் தடவிப் பார்ப்பது. வழவழப்பு இரண்டு வகை. காரத்தன்மையுள்ள தண்ணீரில் கையோடு கையைத் தேய்த்தால், சோப்புப் போட்டதுபோல நம் தோல் வழுக்கும். அது தண்ணீரின் குணம், நல்லதுதான். ஆனால் தோல் வழுக்காமல், சுவரும் தரையும் மட்டும் கொழகொழவென்று வழுக்கினால், அது கல்லில் படிந்த கிருமிப் படலம். கழுவி நாளாகிவிட்டது என்று அர்த்தம். ஊற்று வாயை ஒட்டி வண்ண வண்ணமாகப் படிந்திருப்பது வேறு. அது சூட்டில் வாழும் நுண்ணுயிர்களும் தாதுப் படிவும் சேர்ந்தது, இயற்கை. நான் சொல்வது நாம் சாய்ந்து உட்காரும் இடத்தில் இருக்கும் கொழகொழப்பு.

தண்ணீரைச் சுழற்றி, வடிகட்டி, குளோரின் போடுகிற இடங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஊற்று சிறிதாகவும் கூட்டம் பெரிதாகவும் இருந்தால் அதுதான் பாதுகாப்பு. ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஒரு விடுதியில் “இயற்கை வெந்நீர் ஊற்று” என்று பலகை வைத்திருந்தார்கள். தொட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும், சுடவைக்கிற கொதிகலனும்தான் இருந்தன. தண்ணீர் அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் pH தாளை நனைத்தால் குழாய்த் தண்ணீரில் வருகிற அதே நிறம். அம்மா அன்றும் ஆசையாகத்தான் குளித்தாள். ஆனால் நாள் முழுக்கப் பயணம் செய்து வந்தவளிடம் இல்லாததை இருப்பதாகச் சொன்னது எனக்கு ஆறவில்லை.

இந்த விஷயத்தில் ஜப்பான் செய்திருப்பதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அங்கே 1948இல் வந்த சட்டப்படி, ஊற்று வாயில் 25 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தாலும், சொல்லப்பட்ட தாதுக்களில் ஒன்று போதிய அளவு இருந்தாலும் அது வெந்நீர் ஊற்று. எனவே அங்கேயும் குளிர்ந்த ஊற்று நீரைச் சூடாக்கித் தருகிற இடங்கள் உண்டு. ஆனால் தண்ணீரின் பரிசோதனைத் தாளைக் குளிக்கிறவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். தண்ணீர் கலக்கிறார்களா, சூடாக்குகிறார்களா, சுழற்றுகிறார்களா, கிருமிநாசினி போடுகிறார்களா என்பதும் அறிவிப்பில் இருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனையைப் புதுப்பிக்க வேண்டும். மற்ற நாடுகளில் இப்படித் தாள் மாட்டாவிட்டாலும், கேட்டால் காட்டுகிற இடங்கள் இருக்கின்றன. கையில் கிடைத்தால் நான்கு விஷயம் பாருங்கள்: ஊற்று வாயின் சூடு, pH, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், சோதித்த தேதி.

ஐஸ்லாந்தின் புளூ லகூன் பற்றி ஒரு வார்த்தை. உலகம் முழுக்கப் பேர்போன அந்தப் பால்நீலக் குளம் இயற்கையாகச் சுரந்ததல்ல. ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையத்திலிருந்து வெளிவந்த தண்ணீர், 1976 வாக்கில் எரிமலைப் பாறை வெளியில் தேங்கி உண்டானது. சிலிக்கா என்ற தாதுவால் வந்த நிறம் அது. அதனால் அது மட்டமென்று சொல்லவில்லை. இயற்கையாகத் தரையிலிருந்து வருவதில்தான் இறங்குவேன் என்கிறவர்கள் தெரிந்துகொண்டு போகட்டும்.

நிறமும் மணமும்

அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் கந்தகத் தண்ணீர். அந்த வாசனை ஹைட்ரஜன் சல்பைடு வாயு. திறந்த வெளியில் மெலிதாக வந்தால் பயமில்லை. வெள்ளிக் கொலுசும் மோதிரமும் கறுத்துப்போகும், கழற்றிவைத்துவிடுங்கள். ஆனால் இந்த வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் மூடிய அறையிலும் அடியில் தங்கும். அளவு மிகும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். அதுதான் ஆபத்து. ஜன்னலோ காற்றுவழியோ இல்லாத அறையில் கந்தகக் குளியல் என்றால், எவ்வளவு நல்ல இடமென்று சொன்னாலும் நான் போகமாட்டேன். திடீரென்று நாற்றம் நின்றுபோனால், தலை கனத்தால், உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

செம்பழுப்பாக இருந்தால் இரும்பு. ஊற்று வாயில் தெளிவாக வந்து, காற்றுப் பட்டதும் துருப்பிடித்து நிறம் மாறுகிறது. ஜப்பானின் அரிமாவில் இதைத் ‘தங்க நீர்’ என்கிறார்கள். துண்டில் கறை ஒட்டினால் போகாது, பழைய துணி கொண்டுபோங்கள். வெள்ளைவெளேரென்று படிகளாகப் படிந்திருந்தால் சுண்ணாம்புச் சத்து. துருக்கியின் பாமுக்கலே அப்படி உருவானதுதான். இலேசான காரத்தன்மையும் பைகார்பனேட்டும் உள்ள தண்ணீர், முதன்முறை போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது. தோலுக்கு மென்மையாக இருக்கும்.

அமிலத் தண்ணீரில் கவனம் வேண்டும். ஜப்பானின் குசாத்சுவில் pH சுமார் 2, தமகாவாவில் சுமார் 1.2; இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம். குசாத்சுவில் எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளித்த தண்ணீர், தமகாவாவில் அதைவிடவும் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கீறல் இருந்தாலும் சுருக்கென்று எரியும், கண்ணில் பட்டால் தாங்காது. குசாத்சுவில் கொதிக்கிற தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் குணம் நீர்த்துப்போகும் என்று, நீளமான பலகைகளால் துழாவித் துழாவியே ஆற்றியிருக்கிறார்கள். அமில நீரிலும் கந்தக நீரிலும் ஊறி எழுந்தால் நல்ல தண்ணீரில் ஒருமுறை உடம்பை அலசிவிடுங்கள். வறண்ட தோலோ படையோ உள்ளவர்கள் முதலில் முழங்கை அளவு மட்டும் நனைத்துப் பார்த்து, அரை மணி நேரம் பொறுப்பது நல்லது.

இந்த நோய் தீரும், அந்த நோய் தீரும் என்று பலகையில் எழுதியிருப்பதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அம்மாவின் தேய்ந்த மூட்டை எந்த ஊற்றும் வளர்த்துவிடவில்லை. ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே உடம்பின் பாரம் பாதியாகக் குறைகிறது. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குதான் காலில் இறங்குகிறது. சூட்டில் தசை இளகுகிறது. வலியில்லாமல் முழங்காலை மடக்கி நீட்ட அவளுக்கு அங்கேதான் முடிந்தது. அந்த அரை மணிக்காகவே நான் எத்தனை மலை வேண்டுமானாலும் ஏறுவேன்.

மூக்கில் தண்ணீர் போக விடாதீர்கள்

இதை மட்டும் யார் மறந்தாலும் எனக்குப் பொறுக்காது. நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்கிறது, 46 டிகிரி வரை வளரக்கூடியது. குடித்தால் ஒன்றும் செய்வதில்லை. மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போய்விடும். வந்தால் பிழைப்பவர் மிகச் சிலரே. 1978இல் பாத் நகரின் ஊற்று நீரில் நீந்திய சிறுமி ஒருத்தி இதனால்தான் இறந்துபோனாள். அதற்குப் பிறகு, 2006இல் அந்தப் புதுக் கட்டடம் திறக்கும்வரை, அங்கே குளிப்பது நிறுத்தப்பட்டிருந்தது. நோய் மிக அரிது, அதனால் பயந்து ஊற்றுக்கே போகாமல் இருக்க வேண்டியதில்லை. தலையை முக்காதீர்கள், குதிக்காதீர்கள், குழந்தைகளை மூச்சுப்பிடித்து விளையாட விடாதீர்கள், அடி மண்ணைக் கிளறாதீர்கள். நியூசிலாந்தின் பல ஊற்றுகளில் தலையை நீருக்கு மேலேயே வைத்திருக்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள்.

எப்போது போவது

குளிர் காலத்தின் விடியற்காலை. ஆவி எழும்பும் தண்ணீரில் முகத்தில் மட்டும் குளிர் காற்றுப் படும்போது கிடைக்கிற சுகம் வெயில் நேரத்தில் கிடைக்காது. இரவெல்லாம் ஆளில்லாமல் ஓடிய தண்ணீர் என்பதால் சுத்தமாகவும் இருக்கும். மழைக் காலத்தில் திறந்த ஊற்றுகள் கலங்கும், சூடும் குறையும். ஆற்றங்கரை ஊற்றென்றால் மேலே எங்கேயோ பெய்த மழைக்கு இங்கே வெள்ளம் வந்துவிடும். 2013 வெள்ளத்தில் உத்தராகண்டின் கௌரிகுண்ட் ஊற்று இருந்த இடமே அடித்துக்கொண்டு போனது.

ஊற்றுகள் மாறிக்கொண்டேயிருக்கும். இமாச்சலத்தில் சட்லஜ் கரையின் தத்தாபானியில் பழைய ஊற்றுகள் கோல் அணை நீரில் மூழ்கின. யெல்லோஸ்டோனில் குளிக்க அனுமதி இருந்த பாய்லிங் ரிவர் என்ற ஆற்றுப் பகுதி 2022 வெள்ளத்துக்குப் பிறகு மூடப்பட்டது. புளூ லகூன் 2023 நவம்பரிலிருந்து எரிமலைச் சீற்றத்தால் பலமுறை மூடித் திறந்தது. ஐந்து வருடத்துக்கு முன் யாரோ எழுதியதை நம்பாமல், கடந்த ஒரு மாதத்தில் போய்வந்தவரிடம் கேளுங்கள்.

உயரமும் ஒரு கணக்கு. இமாச்சலத்தின் கீர்கங்கா ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பல மணி நேரம் நடந்துதான் போகவேண்டும். ஏறிய களைப்போடு உடனே இறங்காதீர்கள். மூச்சு நிதானமாகட்டும், தண்ணீர் குடியுங்கள், பிறகு இறங்குங்கள். நடக்க முடியாதவர்களோடு போகிறவர்கள், மணாலி பக்கத்து வசிஷ்ட் போல வண்டி போகிற, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தொட்டி உள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

அம்மாவுக்காக நான் எப்போதும் விசாரிப்பது மூன்று: வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி, தொட்டிக்குள் இறங்கப் பிடிமானக் கம்பி உண்டா, உடை மாற்ற மறைவான அறை உண்டா. மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் நான் தனியாகத்தான் போய்வருவேன்.

உள்ளே இருக்கும்போது

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இரண்டாவது பயணத்தில், 41 டிகிரித் தொட்டியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்டி” என்றாள். எனக்கும் எழுப்ப மனம் வரவில்லை. இருபத்தைந்து நிமிடம் கழித்து எழுந்து நின்றவள் அப்படியே சாய்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர் தாங்கிப் பிடிக்காவிட்டால் கல்லில் தலை மோதியிருக்கும். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும், எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகமாக இறங்கும். அவள் சாப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்காமல் விட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் முறை மாறவில்லை. முதலில் உடம்பைக் கழுவிக்கொள்வது. காலிலிருந்து மேல்நோக்கித் தண்ணீரை ஊற்றிப் பழக்குவது. இறங்கி 10 நிமிடம். பிறகு விளிம்பில் ஏறி உட்கார்ந்து, கால் மட்டும் உள்ளே வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, 5 நிமிடம். மறுபடி 10 நிமிடம். இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் இல்லை. எழும்போது முதலில் உட்கார்ந்து, பிறகு கம்பியைப் பிடித்து, பிறகு நின்று. மது அருந்திவிட்டு இறங்கவே கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்டதும் வேண்டாம்.

இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் உடம்புச் சூடு ஏறுவது குழந்தைக்கு நல்லதல்ல. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது, வெந்துபோனாலும் உணரமாட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நீங்கள் தெர்மாமீட்டரை இறக்குங்கள். ஆறாத புண் இருந்தால் ஆறிய பிறகு போகலாம், ஊற்று எங்கேயும் போய்விடாது.

போன மாதம் போன இடத்தில் குளம் சின்னதுதான். பாறைப் பிளவிலிருந்து விரல் தடிமனுக்கு மூன்று தாரை. இலையைப் போட்டேன், மெதுவாக நகர்ந்து எதிர் மூலைப் பள்ளத்தில் இறங்கி மறைந்தது. தெர்மாமீட்டர் 38.5 காட்டியது, pH தாள் இளநீலமாக மாறியது. “இறங்கலாமா, இன்னும் பரீட்சை முடியலையா?” என்று அம்மா கரையில் இருந்து கேட்டாள். கையைப் பிடித்து இறக்கினேன். முதல் பத்து நிமிடம் ஓடத் தொடங்கியது.